மூன்று முறை பிரித்த இறக்கை

என் மனைவி இயற்பியல் ஆசிரியை. ஊரில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் கேலிக்காக நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அவள் தன் கையால் கட்டியவை இரண்டு மாதிரி விமானங்கள். பாதி அவள் கையும் பாதி என் கையுமாகக் கட்டியது ஒன்று. நான்காவது முழுக்க என் கையால் ஆனது. ஆனால் அதில் நானாகச் செய்தது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு, உடைத்தது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் இரண்டு வீட்டிலும் முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து வாழ்ந்தவர்கள். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. எனக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர், குத்தகைக்கு இரண்டு. ஒரே மகள், பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

முதல் விமானத்தின் பெட்டி வந்தது பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்காக. ஆனால் பார்சல் தாமதமாகி, கண்காட்சி முடிந்து பத்து நாள் கழித்துத்தான் வீட்டு வாசலுக்கு வந்தது. மே மாத விடுமுறை தொடங்கியிருந்தது. திருப்பி அனுப்பலாம் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை, கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். உள்ளே விமானம் இல்லை. மெல்லிய பலகைத் தாள்கள், ஈர்க்குச்சி போல மரக்குச்சிகள், சுருட்டிய வரைபடம், டிஷ்யூ பேப்பர், பிளாஸ்டிக் விசிறி ஒன்று, ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் பட்டை.

"என்ன டீச்சர், பல்குச்சிக்கா இவ்வளவு பெரிய பெட்டி?"

"தொடாதீங்க. பால்சா மரம், உங்க கைக்குத் தாங்காது."

ஒரு குச்சியை எடுத்துப் பார்த்தேன். கையில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவள் சொன்னது சரி, இரண்டு விரலால் பிடித்ததற்கே முறிந்துவிட்டது. "நான் சொல்லல?" என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

பள்ளியில் கழித்துப் போட்ட பழைய அறிவிப்புப் பலகையை வாங்கி வந்தாள். அதன்மேல் வரைபடத்தை விரித்து, விதைநெல் மூட்டையின் பிளாஸ்டிக் உள்ளுறையை வெட்டி மேலே போர்த்தி, குண்டூசி குத்தி, கோட்டின்மேல் குச்சிகளை வைத்து ஒட்டினாள். பசையைக் குண்டூசி முனையில் தொட்டு வைப்பாள். ஒரு சொட்டு கூடினால்கூட எடை கூடிவிடும் என்பாள். மின்விசிறியைப் போடவிடமாட்டாள். சித்திரை வெயிலில் வேர்த்து வடிய உட்கார்ந்து, இறக்கைக்குக் குறுக்கே வரும் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவாள். அவற்றுக்கு ரிப் என்று பெயர். நான் வயலிலிருந்து வந்தால் ஏதோ பூஜை நடக்கும் வீட்டுக்குள் வருவது போல ஓசையில்லாமல் நடக்க வேண்டியிருக்கும்.

கூடு முடிந்ததும் அதன்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டுவதுதான் கஷ்டமான வேலை. ஓரத்தில் மட்டும் பசை தடவி, சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்ட வேண்டும். பிறகு பனி விழுவது போலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். காகிதம் தொளதொளவென்று ஆகி, காயக் காய இறுகி, கடைசியில் தட்டினால் மேளம்போலச் சத்தம் கேட்கும். காயும் வரை இறக்கையைப் பலகையோடு குத்தி வைக்கவில்லை என்றால் முறுக்கிக்கொண்டுவிடும். தண்ணீர் தெளிக்க, வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் என் கைத்தெளிப்பானைக் கொண்டு வந்தேன். அவள் முறைத்த முறைப்பில் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முடிதிருத்தும் கடையில் இருப்பதுபோல ஒன்றைத் தேடி வாங்கி வந்தேன்.

அது பறந்தது. கோடை உழவு போட்டிருந்த வயலில் போய்ப் பறக்கவிட்டோம். ரப்பரை முறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ரப்பரைத் தூர இழுத்து, முறுக்கிக்கொண்டே நெருங்கி வர வேண்டும். "இறுக்காதீங்க, கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரி புடிங்க," என்றாள். விட்டதும் அது எங்கள் தலைக்குமேல் ஒரு வட்டம் அடித்துவிட்டு வரப்பைத் தாண்டி இறங்கியது. அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்கட்டிமேல் ஓடினாள். நாற்பத்தாறு வயதில் அப்படி ஓடினாள்.

அடுத்த வருடம் இரண்டாவது விமானம் கட்டும்போது, பலகையிலிருந்து ரிப் வெட்டி எடுக்கையில் பிளேடு அவள் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. கட்டைவிரலுக்கு அழுத்தம் வரவில்லை என்றாள். எழுதி எழுதித் தேய்ந்த கை, தைலம் தடவினால் சரியாகும் என்று நினைத்தோம். மணிக்கட்டுக்குப் பட்டை போட்டாள். எப்படியோ அந்த விமானத்தை முடித்துவிட்டாள். ஆனால் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனது. கட்டைவிரலின் அடியில் இருந்த சதை உள்ளே குழிந்துபோனது. ஒரு நாள் அவள் படுத்திருக்கையில் தொடைச் சதை தானாகத் துடிப்பதைப் பார்த்தேன். தோலுக்கு அடியில் புழு நெளிவது போல இருந்தது. மறுநாளே தஞ்சாவூருக்குப் போனோம்.

ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனை, ஸ்கேன், மறுபடி ஊசி. கடைசியில் நரம்பு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நோயின் பெயரைச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"நம்ம போர்செட்டு மாதிரிதாங்க. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. மோட்டாருக்குப் போற வயரு ஒண்ணொண்ணா அறுந்துக்கிட்டு வருது."

"வயரு மாத்திடலாமில்ல?"

"இதுக்கு மாத்து வயரு கிடையாது."

பேருந்து அம்மாப்பேட்டையைத் தாண்டியது. பிறகு அவளே கேட்டாள்.

"எவ்வளவு நாளுன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"நீங்க மருந்துக்கடைக்குப் போனப்ப நான் கேட்டேன்."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மூன்றாவது விமானத்தை இருவரும் சேர்ந்து கட்டினோம். அப்போது வலது கை முழுதும் போய்விட்டது, இடது கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கால் தடுக்க ஆரம்பித்து, வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை விழுந்தாள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் இடது கையால் குச்சியை அணைத்துப் பிடிப்பாள், நான் வெட்டுவேன். அவள் காட்டுவாள், நான் ஒட்டுவேன். நான் ஒட்டியது கோணலாகப் போனால், "இத ஒரு பிள்ள செஞ்சிருந்தா பத்துக்கு நாலு போட்டிருப்பேன்," என்பாள். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தோம் என்பதை எழுதிவைக்க வேண்டும். பின்னால் வருவதைப் படிப்பவர்கள் என்னை நம்பாமல் போகலாம்.

நான்காவது பெட்டி புரட்டாசியில் வந்தது. அவளே மகளிடம் சொல்லித் தேர்ந்தெடுத்தது. முந்தியவை எல்லாவற்றையும்விட நீள இறக்கை, ரிப்புகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கு. அவள் அப்போது சக்கர நாற்காலியில் இருந்தாள். மடியில் வைத்த கை வைத்த இடத்திலேயே கிடக்கும். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. தலை சாயாமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை கொடுப்பேன். நாக்கும் குழறியது. இனி அவள் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் படிக்கச் சீராக இருக்கும். காதில் விழுந்தது அப்படி இல்லை. என்னைத் தவிர, மகளைத் தவிர, யாருக்கும் அது பேச்சாகவே தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. இந்த நோயில் சிலருக்குச் சம்பந்தமில்லாமல் சிரிப்பு வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளுக்கு வந்தது. துக்கம் கேட்கும்போது, வலிக்கும்போது, பயந்தால், அடக்க முடியாமல் சிரிப்பாள். அவளுடைய சித்தப்பா இறந்த செய்தி வந்தபோது அரை மணி நேரம் சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டக் கொட்ட. கேதம் சொல்ல வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

என் நாள் நாலரைக்குத் தொடங்கும். அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, துணி மாற்றி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். ஒவ்வொரு விழுங்கலுக்கும் புரை ஏறுமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டம்மாவை உட்காரவைத்துவிட்டு வயலுக்கு ஓடுவேன். அந்த வருடம் குறுவை அறுப்பில் மழை பிடித்து நெல் முளைத்துவிட்டது. சம்பா நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. இதையெல்லாம் நான் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு விமானம். அவள் நாற்காலியில் இருந்தபடி பலகையைப் பார்ப்பாள், சொல்வாள், நான் செய்வேன். ஐப்பசிக்குள் கூட்டை முடித்தேன். வால், உடல் எல்லாம் காகிதம் ஒட்டி முடிந்தது. வலது இறக்கையும் முடிந்தது. இடது இறக்கைதான் மிச்சம்.

வெளியில் மழை விடவில்லை. சுவரெல்லாம் ஓதம். அந்த ஈரத்தில் காகிதம் இறுகவே இல்லை. முதல்முறை ஒட்டியபோது நடுவில் சுருக்கம் விழுந்தது. "பிரிங்க," என்றாள். தண்ணீர் தொட்டுத் தொட்டு, ரிப்பில் ஒட்டிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. இரண்டாம் முறை காகிதம் நன்றாகத்தான் ஒட்டியது. ஆனால் காய்ந்தபின் குண்டூசிகளைக் கழற்றிப் பார்த்தால் இறக்கையின் நுனி கீழ்நோக்கி முறுக்கியிருந்தது. எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. "இப்படியே விட்டா இடப்பக்கம் சாஞ்சி குத்திரும். பிரிங்க." பிரித்தேன்.

மூன்றாம் முறை கார்த்திகையில். நாலு நாளாக அடைமழை. வயலில் தண்ணீர் கட்டி, நட்ட பயிர் முங்கிக் கிடந்தது. வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது, போய் அள்ளிவிட வேண்டும். பக்கத்து வீட்டம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மழை கொஞ்சம் வெட்டாப்பு விடும் வரை இதையாவது முடிப்போம் என்று இறக்கையை ஒட்டி, தண்ணீர் தெளித்து, குத்தி வைத்து, மறுநாள் கழற்றி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். அவள் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நுனி இன்னும் இறங்கியிருக்கு."

"எங்க இறங்கியிருக்கு? நேராத்தான இருக்கு."

"பிரிங்க."

"மழ விடட்டும் டீச்சர். வயல்ல தண்ணி நிக்கிது."

"அப்ப பிரிச்சி வச்சிட்டுப் போங்க. ஒட்டினபடி கெடந்தா மரம் அப்படியே முறுக்கிப்போயிரும்."

பிரிக்க உட்கார்ந்தேன். தண்ணீர் தொட்டுப் பொறுமையாகச் செய்யவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். காகிதத்தோடு ஒரு ரிப்பும் கையோடு வந்துவிட்டது. "மெதுவா," என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

நான் இறக்கையைத் தரையில் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினேன். பால்சா மரம் உடைந்தால் சத்தம்கூடப் பெரிதாக வராது. அப்பளம் நொறுங்கும் சத்தம்தான். பிறகு சொன்னேன்.

"இது பறந்தா என்ன, பறக்காட்டி என்ன? இது நேரா போனா நீ எந்திரிச்சி நடந்திருவியா?"

அவள் சிரித்தாள். அந்த நோயின் சிரிப்பு. தோள் குலுங்க, எச்சில் வழிய, கண்ணில் நீர் ஓட. அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன், "சிரி, நல்லா சிரி." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

வாய்க்காலில் அடைப்பை எடுக்க அரை மணி நேரம்தான் ஆனது. தண்ணீர் வடிய ஆரம்பித்தது. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். நான் கடைத்தெருவுக்குப் போனேன். டீ குடித்தேன். மழைக்கு ஒதுங்கி நின்ற நாலு பேரோடு பயிர்க் காப்பீட்டைப் பற்றிப் பேசினேன். யாரோ சொன்ன ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. அவளைத் தனியாக விட்டு வந்திருக்கிறேன் என்பது ஒரு கணமும் மறக்கவில்லை. மறந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நின்றுகொண்டிருந்தேன். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் அவள் தலை முன்னால் விழுந்திருந்தது. சிரித்த சிரிப்பில் தலையணை நழுவியிருக்கும். மோவாய் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. தலையை அவளால் தூக்க முடியாது, கூப்பிட்டால் கேட்க யாரும் இல்லை. மூச்சு விசில் போல வந்துகொண்டிருந்தது. உதடு நீலமாகியிருந்தது. ஓடிப்போய்த் தலையைத் தூக்கிப் பின்னால் சாய்த்தேன். புடவை நனைந்து, நாற்காலிக்குக் கீழே தரை வரை ஈரம். மூச்சு சீராகும் வரை தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். தலை கவிழ்ந்த நிலையில் அவள் கண்ணுக்கு நேராகத் தரையில் அந்த நொறுங்கிய இறக்கைதான் கிடந்தது. அவ்வளவு நேரமும் அவள் பார்க்க வேறு எதுவும் இல்லை.

வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, வேறு துணி கட்டிப் படுக்கவைத்தேன்.

"மன்னிச்சிரு டீச்சர்," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. பசிக்கிறது, திருப்பு, வேண்டாம் என்ற மூன்று சொல்லைத் தவிர. நான்காம் நாள் மத்தியானம், தானாகவே சொன்னாள்.

"மூணாவது, நாலாவது, அஞ்சாவது ரிப்பு மூணும் புதுசா வெட்டணும். மிச்சப் பலகை பெட்டிலதான் இருக்கு."

நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"மன்னிச்சிட்டியா?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"இன்னும் இல்ல."

நான் எழுந்திருக்கவில்லை.

"பிளேடு புதுசு போடுங்க," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மகள் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். போன மறுநாளே கொரடாச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வேலைக்கு வந்து நின்றார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பழகியவர், காலை முதல் பொழுது சாயும் வரை கூடவே இருப்பார். மகளுக்குப் போன் செய்து, எதற்கு இது என்று கேட்டேன். "நீங்க வயலுக்குப் போகணும்லப்பா, அதான்," என்றாள். எனக்கும் சௌகரியமாக இருந்தது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

புது ரிப்புகளை வெட்டி, முறிந்த ஓரக்குச்சிக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்து, இறக்கையை மறுபடி நிமிர்த்தினேன். தையில் வெயில் வந்து ஓதம் காய்ந்த பிறகு நான்காம் முறையாகக் காகிதம் ஒட்டினேன். முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். உடலோடு சேரும் இடத்தில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிரிக்கச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"போதும்," என்றாள்.

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஒன்றைப் போதும் என்று விட்டு நான் பார்த்ததில்லை.

மாசியில் சம்பா அறுவடை முடிந்தது. அதற்குள் அவளுக்குக் கஞ்சி ஊற்ற வயிற்றில் குழாய் வைத்திருந்தார்கள், பேச்சு முழுதும் நின்றிருந்தது. மகள் ஒரு பெரிய அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக அச்சடித்துக் கொடுத்திருந்தாள். நாங்கள் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே போவோம், சரியான இடத்தில் அவள் கண்ணை மூடித் திறப்பாள். ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

மகள் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். நாற்காலி வரப்பில் போகாது. அவள் எடை அப்போது ஒரு நெல் மூட்டையில் பாதிகூட இல்லை. வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சாய்வு செய்து, அதில் படுக்கவைத்து, தலைக்குத் துண்டு கொடுத்தேன். மகள் விமானத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் ரப்பரை இழுத்து முறுக்கினேன். எத்தனை முறுக்கு என்று முந்தின நாளே டீச்சர் அட்டையில் சொல்லியிருந்தாள்.

விட்டதும் ஆள் உயரம் ஏறி, இடப்பக்கமாகச் சாய்ந்து அறுத்துவிட்ட நெல் தாளில் குத்தியது. அவள் மழைக்காலத்தில் சொன்னபடியே. எதுவும் உடையவில்லை. மகள் அட்டையைப் பிடித்தாள். டீச்சரின் கண் இரண்டு எழுத்தைத்தான் காட்டியது. வால். வாலின் பின் ஓரத்தை வலப்பக்கம் துளி வளைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அவள் கண்ணை மூடித் திறந்ததும் நிறுத்தினேன்.

இரண்டாம் முறை அது பறந்தது. பெரிய வட்டமாகச் சுற்றி ஏறியது. காகிதத்தின் வழியே வெயில் பாய, உள்ளே இருந்த ரிப்புகள் ஒவ்வொன்றும் நிழலாகத் தெரிந்தன. புதிதாக வைத்த மூன்றும் எவை என்று எனக்கு எண்ணத் தெரிந்தது. மகள் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். நாற்பது நொடிக்குக் கொஞ்சம் குறைவு. சத்தமே இல்லாமல் வந்து வைக்கோலுக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும். இன்னும் உயரப் போகட்டும் என்று மூன்றாம் முறை அவள் சொன்ன கணக்குக்கு மேல் முறுக்கினேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். ரப்பர் உள்ளுக்குள்ளேயே அறுந்து சுழற்றி அடித்தது. மகள் கையில் இருந்தபடியே விமானத்தின் உடல் உள்ளிருந்து வெடித்து, குச்சியும் காகிதமுமாகக் கொத்தாகத் தொங்கியது.

டீச்சர் சிரித்தாள். மகளும் கூடச் சிரித்துவிட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டீச்சர் சிரித்தது அவளுடைய சொந்தச் சிரிப்பா, நோயின் சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டை மகள் பக்கத்தில்தான் கிடந்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மன்னிச்சிட்டியா என்ற அந்த இன்னொரு கேள்வியையும் நான் திரும்பக் கேட்கவில்லை. கார்த்திகைக்குப் பிறகு நான்கு மாதத்துக்கு மேல் அவள் இருந்தாள். தினமும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் கேட்க வாய்ப்பிருந்தது. அதே பதில் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் தள்ளிப்போட்டேன்.

பங்குனிக் கடைசியில் சளி கட்டி, காய்ச்சல் வந்தது. காரில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போய், இன்னொன்றுக்காகவும் கேட்டைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். அவள் தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தேன். கண் திறந்துதான் இருந்தது. மருத்துவமனையில் நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை, நான் கீழே டீ வாங்கப் போய்விட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபின் வீட்டில் நானும் மகளும் மட்டும். மத்தியானச் சாப்பாடு. அவள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இறக்கையை உடைத்தது, நான் சொன்னது, கதவைச் சாத்திவிட்டுப் போனது, டீக்கடையில் நின்றது, திரும்பி வந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்பா," என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அந்தச் சனிக்கிழம நான் வந்தப்பவே அம்மா சொல்லிட்டாங்க. குளிப்பாட்டும்போது. அதனாலதான் ஆளு போட்டேன்."

"வேற என்ன சொன்னா?"

"உங்ககிட்ட நான் கேக்கக் கூடாதுன்னாங்க. அவரா சொல்றாரான்னு பாரு, அதுவரைக்கும் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதன்னாங்க." தட்டில் இருந்த சோற்றை ஒதுக்கினாள். "அஞ்சு மாசம் ஆயிருச்சு."

"அவ இருக்கும்போதே சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. நான் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்து, மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.